ஓடையைப் பிடித்து இறங்கினால் ஸ்டோர் வரும்

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் மகள் பரீட்சை எழுதக் கூடாது.

இந்த முடிவை நான் சத்தமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முடிவுகளைச் சத்தமாகச் சொல்வது தெய்வம்மாவின் இலாகா. வந்த முடிவுகளை உள்ளேயே வைத்துக்கொண்டு கொதிப்பது என் இலாகா. அன்றைக்கு நான் கொதித்த கொதிப்பில் ஒரு தேயிலை ஸ்டோரையே, அதாவது ஃபாக்டரியையே, ஓட்டியிருக்கலாம். கொதிக்காதது கேத்தல் தண்ணீர் ஒன்றுதான். ஏனென்றால் அடுப்பு பற்றவேயில்லை.

நடந்தது இதுதான். ஜூன் மாதம். தேவர்சோலைப் பக்கத்து ஜூன் மழையைப் பற்றி உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் பாக்கியசாலி. நான் நர்சரியில் தேயிலை நாற்றுக்கெல்லாம் பந்தல் கட்டிவிட்டு, எனக்குப் பந்தல் கட்ட ஆளில்லாமல் நனைந்து, லயத்து வரிசை வீட்டில் எங்கள் காம்பராவுக்குள் நுழைகிறேன். ஒரு வாய் தேத்தண்ணிக்கு நாக்கு தவிக்கிறது. அடுப்படியில் ஈர விறகு. பக்கத்தில் என் மகள் யோகராணி. பதினோரு வயது. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறாள்.

"யோகம், அடுப்பப் பத்த வைம்மா."

"அப்பா, எரிதலுக்கு மூணு தேவை. எரிபொருள், பிராணவாயு, போதுமான வெப்பம்."

"நெருப்புக்குச்சி தேவையில்லையா?"

"அது பாடத்துல இல்லப்பா."

பாடத்தில் இல்லையாம்! சர்க்கார் சம்பளம் வாங்கும் வாத்தியார்கள் ஒரு பெண் குழந்தைக்குப் பிராணவாயுவைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதை ஊதச் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். நானே அடுப்பின் முன்னால் குந்தினேன். ஊதினேன். கண்ணில் நீர் வந்தது, மூக்கில் நீர் வந்தது, நெருப்பு மட்டும் வரவில்லை. அந்தப் புகைக்குள்தான் மேலே சொன்ன முடிவுக்கு வந்தேன்.

என் கோபம் நியாயமானது என்று உங்களுக்குப் புரியவேண்டுமானால் தங்கையாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ரெண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டு, இலங்கையில் அட்டன் பக்கம் நிம்மதியாக இருந்த எங்களைத் தலைமன்னாரில் கப்பலேற்றி, இந்தக் கரையில் இறக்கி, மண்டபம் கேம்ப்பில் உட்கார வைத்தார்களே, அப்போது எங்களோடு வந்தவர். தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. சீனியர் பரீட்சை பாஸ். சும்மா பாஸ் இல்லை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய பாஸ். அந்தச் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டுதான் கப்பலேறினார். கேம்ப்பில் அரிசி கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள். தங்கையா விறகுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். மழையில் நனைந்த விறகு. கடைசியில் அந்தக் கூட்டத்திலேயே நன்றாகக் காய்ந்திருந்த மரம் அவருடைய சட்டம்தான். அதை உடைத்து எரித்துத்தான் சோறு வெந்தது. ஒரு மனிதனுக்குப் பரீட்சையால் ஆகக்கூடிய உச்சகட்ட பிரயோஜனத்தை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் கொழுந்துக் கூடையோடு தெய்வம்மா வந்தாள். கூடையை இறக்குவதற்குள் பேச்சை எடுத்தேன். கூடை முதுகில் இருக்கும்போது அவள் இரண்டு கையும் கூடைக்கயிற்றைப் பிடித்திருக்கும். பேச்சுவார்த்தைக்கு அதுதான் பாதுகாப்பான நேரம்.

"தெய்வம்மா, புள்ளைக்குப் பொழைக்கத் தெரியல."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"அதான் கேட்டேன், யாரு சொன்னான்னு."

"கேலி பண்ணாத. பரீட்சை பரீட்சைன்னு புள்ளையக் கெடுத்து வச்சிருக்கீங்க. மழையில நெருப்பு மூட்டத் தெரியணும். அட்டை கடிச்சா எடுக்கத் தெரியணும். பனிமூட்டத்துல வழி கண்டுபிடிக்கத் தெரியணும். ஆனை வந்தா..."

"ஆனை வந்தா?"

"ஓடணும்."

"அதுக்கு என்னாத்துக்குங்க பாடம்? ஆனையே சொல்லிக் குடுக்குமே." கூடையை இறக்கினாள். இரண்டு கையும் விடுதலையானது. நான் ஒரு அடி பின்வாங்கினேன். "இங்க பாருங்க. வார சனிக்கிழமை பஜார் பள்ளிக்கூடத்துல பரீட்சை. பாசானா ஊட்டியில ஹாஸ்டல் பள்ளிக்கூடம். சோறு, துணி, படிப்பு எல்லாம் அவங்க பொறுப்பு. பாசாகலேன்னா நாலு வருசத்துல எங்கூட இந்தக் கூடையத் தூக்கிட்டு வரும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

நான் அடுப்பை ஊதப் போய்விட்டேன். நியாயமாக ஒருத்தி கேள்வி கேட்டால் பதில் சொல்வது எனக்குப் பிடிக்காத காரியம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஊட்டி என்று அவள் சொன்னபோதே எனக்குக் கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. கப்பலில் யோகம் என் மடியில்தான் வந்தாள். கடலைப் பார்த்து எல்லாரும் அழுதபோது, "அப்பா, இவ்ளோ தண்ணியா, யாரு தூக்கியாந்து ஊத்துனா?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அவள் குரல் இல்லாத காம்பராவுக்கு நான் சாயங்காலம் எப்படித் திரும்பி வருவேன்? இதை வெளியே சொல்ல முடியுமா? மீசை வைத்த ஆம்பிளை. அதனால் கல்விக் கொள்கை பேசினேன்.

கொள்கை இருந்தால் திட்டம் வேண்டும். சனிக்கிழமை தெய்வம்மாவுக்கு லீவு கிடையாது. கொழுந்து கொட்டுகிற மாதம். பிள்ளையைப் பரீட்சைக்குக் கூட்டிப்போகிற பொறுப்பு எனக்குத்தான் வரும். ரோட்டில் போகாமல் காட்டுப் பக்கம் திரும்பிவிடவேண்டியது. மத்தியானம் வரைக்கும் பிழைக்கிற வித்தைகளைச் சொல்லிக் கொடுக்கவேண்டியது. பிறகு, "பனியில வழி தப்பிருச்சு" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பவேண்டியது. பிள்ளைக்கு வித்தையும் வந்துவிடும், பரீட்சையும் போய்விடும், மகளும் வீட்டில் இருப்பாள்.

இப்படி ஒரு திட்டத்தை யாரிடமும் சொல்லாமல் இருப்பது உடம்புக்குக் கெடுதல். பஜாரில் டீக்கடை வைத்திருக்கும் அயூப்பிடம் மட்டும் சொன்னேன்.

"ஏனுங்கண்ணே, அண்ணிக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"தெரிஞ்சா என்னாகுமுங்க?"

"நீ சொன்னாத்தானே தெரியும்."

"நான் ஏனுங்க சொல்றேன்? எனக்கென்ன வேற சோலி இல்லீங்களா?" என்று சொல்லிவிட்டு அயூப், அப்போதுதான் கடைக்குள் நுழைந்த கொழுந்துக்காரப் பெண்களுக்கு டீ ஆற்றப் போனான். நல்ல மனுஷன்.

சனிக்கிழமை விடிந்தது. விடிந்தது என்று கடிகாரம்தான் சொன்னது. வெளியே பனிமூட்டம் சுவர் மாதிரி நின்றது. தெய்வம்மா யோகத்துக்குத் தலைசீவி, மழைக்குத் தலையில் சாக்குக் கொங்காணி போட்டு, கையில் பென்சில் டப்பாவைக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பரீட்சைக்குத்தானே கூட்டிட்டுப் போறீங்க?"

"பின்ன?"

"ரோட்டு வழியா?"

"குறுக்கு வழியா. ரோட்டுல லாரி வரும்."

இந்த இடத்தில் அவள் சண்டை போட்டிருக்கவேண்டும். போடவில்லை. "சரிங்க, பாத்துப் போங்க" என்றாள். பதினாலு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னிடம் உடனே சரி சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். வந்தது சந்தோஷம்.

காட்டோரத்தில் ஒரு பாறைச் சரிவில் பாடத்தைத் தொடங்கினேன்.

"யோகம், இன்னிக்கு அப்பாதான் வாத்தியாரு. மொதப் பாடம் நெருப்பு."

"பரீட்சைக்கு நேரமாகலியாப்பா?"

"இதுதான் பரீட்சை. நல்லாப் பாரு."

சுள்ளி பொறுக்கி அடுக்கினேன். ஒரு குச்சி கிழித்தேன், அணைந்தது. இன்னொன்று, அதுவும். காற்று, ஈரம், கந்தகம் சரியில்லை, கம்பெனி சரியில்லை. பெட்டி காலியாகும்வரை கம்பெனியைத் திட்டினேன். யோகம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், தைலம் எடுக்கிற கற்பூர மரத்தடியில் மேலாகக் கிடந்ததைத் தள்ளிவிட்டு, அடியில் இருந்த இலைகளை அள்ளிவந்தாள். ஒரு குச்சியின் ஈரப் பட்டையை உரித்து உள்மரத்தைச் சிம்பாகக் கிழித்தாள். பென்சில் டப்பாவைத் திறந்து ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்தாள். ஒரே குச்சி. இலையின் எண்ணெய் படபடவென்று பற்றிக்கொண்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

"இது யாரு சொல்லிக் குடுத்தா?"

"தெனமும் நான்தானேப்பா வீட்டுல பத்த வைக்கிறேன்."

"அப்ப அன்னிக்கு ஏன் பத்த வைக்கல?"

"பரீட்சை முடியிற வரைக்கும் என்னைய அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. இந்த மாசம் அது உங்க முறைன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. என் முறை வந்திருப்பதை என்னைத் தவிர எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள்! இதுதான் நான் வாழும் வீடு.

இரண்டாம் பாடம் அட்டை. இதற்கு நான் ஏற்பாடு எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. அட்டைகள் தாங்களாகவே வகுப்புக்கு வந்துவிட்டன. எல்லாம் என் காலுக்கே வந்தன. நான் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அது நீண்டது. மேலும் இழுத்தேன், மேலும் நீண்டது. "யோகம், பாத்தியா, இப்படி இழுக்கக் கூடாது" என்றேன். அவள் பாவாடை நுனியில் முடிந்திருந்த உப்புத் துணியை அவிழ்த்து, என் காலில் ஒத்தி ஒத்தி எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டாள். அந்த உப்பையும் யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. எத்தனை தடவைதான் ஒரு மனிதன் கேட்பது?

மூன்றாம் பாடத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. பனியில் வழி கண்டுபிடிப்பது. இலங்கையில் எங்கள் தோட்டத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்: பனி இறங்கினால் ஓடைச் சத்தத்தைக் கேள், ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கு, ஸ்டோர் வந்துவிடும். வெள்ளைக்காரத் துரைமார் தண்ணீருக்காக ஸ்டோரை ஓடைக்கரையில்தான் கட்டியிருந்தார்கள். நான் பிறந்து, வளர்ந்து, இலை சலித்த ஸ்டோர். ஆயுசு பூராவும் என்னை ஏமாற்றாத சூத்திரம்.

"கேளு யோகம். ஓடையப் பிடிச்சு எறங்குனா ஸ்டோர் வரும்."

"இங்க ஸ்டோர் மலைமேலதானேப்பா இருக்கு?"

"எதிர்த்துப் பேசாத. தண்ணி எங்க போனாலும் தண்ணிதான்."

இறங்கினோம். பாதை போனது. புதர் வந்தது. புதர் போய் மூங்கில் வந்தது. மூங்கில் போய்க் கால் புதையும் சேறு வந்தது. ஓடை அங்கே ஒரு சதுப்பில் அமைதியாகப் படுத்துவிட்டது. ஸ்டோரைக் காணவில்லை. ஸ்டோர் இருந்திருக்கவேண்டிய இடத்தில் வேறொன்று இருந்தது. உருண்டை உருண்டையாக, கூடை அளவுக்கு, ஆவி பறக்க.

"அப்பா, இது ஆனைச் சாணி."

"தெரியும்."

"சூடா இருக்கு."

"தெரியும்னு சொன்னேன்ல!"

எங்கேயோ பக்கத்தில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. நான்காம் பாடம் ஓடுவது என்று தெய்வம்மாவிடம் பெருமையாகச் சொன்னவன் நான். எந்தப் பக்கம் ஓடுவது என்பதை யோசித்து வைத்திருக்கவில்லை. சுற்றிலும் ஒரே வெள்ளை. என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரீட்சை போகட்டும் என்றுதான் புறப்பட்டேன், பிள்ளையே போய்விடும் போலிருக்கிறதே! யோகத்தின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, கையக் கொஞ்சம் விடுங்க. நான் கூவணும்."

"கத்தாதடி, ஆனைக்குக் கேக்கும்!"

"அதுக்குந்தான்ப்பா கேக்கணும்."

இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு அவள் கூவினாள்.

"பொலியோ பொலி!"

இதை உங்களுக்கு விளக்கவேண்டும். காலையில் முதல் கொழுந்து கிள்ளும்போது, கூடை நிறையப் பொலியட்டும் என்று ஒருத்தி இப்படிக் கூவுவாள், மற்ற பெண்களெல்லாம் பதிலுக்குக் கூவுவார்கள். இலங்கையிலிருந்து கூடவே வந்த பழக்கம். பெட்டியில் இடம் பிடிக்காத ஒரே சாமான். ஆனால் நாளைக்கு ஒரு தடவைதான், விடிகாலையில்தான். பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து வேலைக்குப் போன பெண்கள் வெயிலேறுகிற நேரத்தில் பொலி கூவமாட்டார்கள். இவளுக்கு இது கூடத் தெரியவில்லையே என்று எனக்கு அந்தப் பயத்திலும் எரிச்சல் வந்தது.

"பொலீ!" என்று பதில் வந்தது.

வலப்பக்கம், மேலே. மூங்கில் முறிகிற சத்தம் சட்டென்று நின்று, எதிர்ப்பக்கமாக நகர்ந்து போனது. யோகம் என் கையைப் பிடித்துக்கொண்டு குரலை நோக்கி ஏறினாள். தேயிலை நிரை காலில் தட்டுப்பட்டது. பனிக்குள் மருதாம்பாள் அக்கா கூடையோடு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள். யோகம் மறுபடி கூவினாள். அடுத்த பதில் கொஞ்சம் தள்ளி இடப்பக்கம். அங்கே ஆண்டாயி. அவளைத் தாண்டி இன்னொரு குரல், அதைத் தாண்டி இன்னொன்று. பனிக்குள் பெண்கள் ஒருத்திக்கு அடுத்து ஒருத்தியாக வேலி போட்ட மாதிரி நின்று, என்னைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். ஒருத்தி விடாமல் எல்லாரும் முந்தானையால் வாயை மூடியிருந்தார்கள்.

கடைசிக் குரலை நான் பார்க்காமலே கண்டுகொண்டேன். கப்பலேறியும் கரகரக்காத குரல். பனி விலகியது. ரோட்டோரத் தேயிலை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஜார் பள்ளிக்கூடத்தின் கேட்டு. கேட்டருகே தெய்வம்மா, ஒரு கையில் சீப்பு, மறு கையில் துவைத்து மடித்த பாவாடை. பள்ளிக்கூட மணி அப்போதுதான் அடித்தது.

பிள்ளையின் காலைத் துடைத்தாள், பாவாடையை மாற்றினாள், தலையைச் சீவினாள், உள்ளே அனுப்பினாள். யோகம் திரும்பிப் பார்த்துக் கையாட்டிவிட்டு ஓடினாள்.

"ஒனக்கு இன்னிக்கு வேலையில்லையா?" என்றேன். தோற்றவன் முதலில் கேள்வி கேட்டுவிட வேண்டும்.

"வேலையிலதான் நிக்கிறேன். இன்னிக்கு எங்க கூட்டத்துக்குக் காட்டோரத்துலருந்து ரோட்டோரம் வரைக்கும் கொழுந்து. நேத்தே கேட்டு வாங்கிட்டோம்."

"நடுவேலையில பொலி கூவுறீங்க. கங்காணி ஒண்ணும் சொல்லலியா?"

"கங்காணி சம்சாரமும்தான் கூவுனா."

"எல்லாம் தெரிஞ்சிருந்தா காலையிலயே தடுத்திருக்கலாம்ல? புள்ளைய ஆனைக்கு முன்னால நிக்க வச்சியே!"

"நான் நிக்க வச்சேனா? நீங்க பாறை வரைக்கும்தான் போவீங்கன்னு நெனைச்சேன். ஓடையப் பிடிச்சு ஸ்டோருக்குப் போவீங்கன்னு யாரு கண்டா?" குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே ஒட்டிக்கொண்டது. "தடுத்திருந்தா ஒரு வருசம் மொகத்தத் தூக்கி வச்சிருப்பீங்க. இப்ப பாருங்க. நீங்களே கூட்டியாந்து பரீட்சைக்கு விட்டுட்டீங்க."

எனக்கு அழுகை வந்தது. "தெய்வம்மா, புள்ள ஊட்டிக்குப் போயிருச்சின்னா நமக்கு யாரு இருக்கா?" என்று கேட்டே விட்டேன். அவள் என்னையே பார்த்தாள். "எனக்கு மட்டும் என்னா, கல்லா?" என்றாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு நிரைக்குள் போய்விட்டாள். நான் கேட்டு வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் பார்த்தேன். நெருப்புப்பெட்டி காலி.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. சேற்றில் விழுந்து எழுந்து வந்த பிள்ளை என்னத்தை எழுதிவிடப் போகிறது? சத்தியமாகப் பாஸ் ஆகாது.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவன் அயூப். ஒரு மாதம் கழித்துக் கடைக்குள் நுழைந்தபோது எனக்குச் சக்கரை தூக்கலாக ஒரு டீ போட்டான்.

"அண்ணே, பாப்பாதானுங்க முதல் மார்க்கு. கட்டுரையில அள்ளிருச்சுங்களாமா. திருத்துன வாத்தியாரே இங்க உக்காந்துதானுங்க சொன்னாரு. சிரிச்சுச் சிரிச்சு டீ பூராக் கொட்டிட்டாரு."

கட்டுரைத் தலைப்பு என்னவென்று கேட்டேன். 'நான் ஆபத்திலிருந்து தப்பிய ஒரு நாள்.' அநியாயத்தைப் பாருங்கள். மற்ற பிள்ளைகளெல்லாம் வராத ஆபத்தை வரவழைக்கப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் மகளுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அவளுடைய ஆபத்து கூடவே வந்து கேட்டு வாசலில் பீடியோடு உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

போகாமல் தடுக்க நான் போட்ட திட்டம்தான் அவளை ஊட்டிக்கு அனுப்பியது. இதை நான் எங்கே போய் முறையிடுவது?

யோகம் பஸ் ஏறிய அன்று நான் அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அவள் அந்தப் பென்சில் டப்பாவை என் கையில் திணித்தாள். "எனக்கு அங்க புதுசு குடுப்பாங்கப்பா. இது உங்களுக்கு வேணும்." வைராக்கியம் அங்கேயே கரைந்துவிட்டது. பஸ் வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு டப்பாவைத் திறந்தேன். ஒரு நெருப்புப்பெட்டி. ஒரு உப்புப் பொட்டலம்.

"ரோட்டு வழியாவே வாங்க," என்றாள் தெய்வம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போய் அடுப்பப் பத்த வைக்கணும். இந்த மாசமும் உங்க முறைதான்."